ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கப் போகிறீர்களா? முதலில் டிக் போடுவதை நிறுத்துங்கள்

ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு இரண்டாவது வாரம். படத்தையும் சொல்லையும் கோடு போட்டு இணைக்கும் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்குப் பத்துக்குப் பத்தும் பெரிய பெரிய டிக்காகப் போட்டு, முகமெல்லாம் சிரிப்போடு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. அங்கே டிக் போட்டால் தப்பு என்று அர்த்தம். சரியான விடைக்கு வட்டம்தான், அதை மாரு என்பார்கள். ரொம்ப நன்றாகச் செய்திருந்தால் சுருள் வட்டம் போட்டு, சுற்றி இதழ் வரைந்து பூவாக்க வேண்டும், அது ஹனமாரு. போவதற்கு முன் வீட்டிலேயே சிவப்புப் பேனாவை வைத்து ஒரு பக்கம் வரைந்து பழகிவிடுங்கள். சிரிக்காதீர்கள், முப்பது தாளுக்கும் ஒரே அளவில் பூ போடுவது லேசில்லை, யாருக்குப் பெரிய பூ என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நம்மில் பலருக்கு அங்கே கிடைப்பது துணை மொழியாசிரியர் வேலை, ஏஎல்டி என்பார்கள். 2020 முதல் மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் வருடத்துக்கு 35 பாடவேளை, அதில் பெரும்பாலும் விளையாட்டும் பேச்சும்தான். ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை, அங்கே அது மதிப்பெண் போடும் முறையான பாடம். ஒரு பாடவேளை 45 நிமிடம். வகுப்பு உங்களுடையது இல்லை, தன்னின் என்கிற வகுப்பாசிரியருடையது. அவருக்கு இங்கிலீஷ் தடுமாறலாம், ஆனால் எந்தப் பையன் காலையிலிருந்து மூட் அவுட், யாரை யாரோடு உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் மணி அடிக்கும் முன் அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அவசியம் கேட்க வேண்டியது, சத்தம் ஏறினால் அவர் எப்படி அடக்குவார் என்பதை. கைதட்டலோ, கை தூக்கலோ, எதுவானாலும் அதையே நீங்களும் செய்யுங்கள். உங்கள் சொந்த முறையைப் புகுத்தினால் அதைப் பழக்கவே ஒரு மாதம் போய்விடும்.

வகுப்பில் எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்பு ஜாங்கென், அதாவது கல், கத்தரி, காகிதம். யார் முதலில் அட்டை எடுப்பது, யார் வாசிப்பது, எல்லாவற்றுக்கும் அதுதான். தோற்ற பிள்ளை முணுமுணுக்காமல் உட்கார்ந்துவிடும். நீங்களாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால்தான் வம்பு.

உச்சரிப்புக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் 'ன்' தவிர வேறு மெய்யில் சொல் முடிவது கிடையாது, அதனால் மில்க் அவர்கள் வாயில் மிருகு ஆகிவிடும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மிருகம்தான் ஞாபகம் வந்தது. கேலி பண்ண நமக்கு யோக்கியதை இல்லை, நாமும் பஸ்ஸு, பல்பு, கேக்கு என்று உகரம் ஒட்டுகிறவர்கள்தானே. திருத்துவதற்கு நான் கண்ட வழி கைதட்டல். மிருகுவுக்கு மூன்று தட்டு, மில்க்குக்கு ஒரே தட்டு. விளக்கமே வேண்டாம், மூன்றாவது முறை அவர்களே சிரித்துக்கொண்டு ஒரே தட்டில் நிறுத்தப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையைத் தனியாக எழுப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று உறைந்துபோய் நிற்கும். முதலில் கூட்டமாக, அப்புறம் பக்கத்துப் பிள்ளையோடு, கடைசியில் விருப்பப்பட்டவர் மட்டும்.

நிறங்கள் எடுக்கும்போது சூரியனையும் சிக்னலையும் உதாரணமாகக் காட்டாதீர்கள். அங்கே பிள்ளைகள் சூரியனைச் சிவப்பாகத்தான் தீட்டுவார்கள், பச்சை சிக்னலுக்குப் பெயரே 'ஆவோ', அதாவது நீலம். கிரீன் என்று நீங்கள் சிக்னலைக் காட்ட, வகுப்பே புளூ என்று கத்தும், அவர்கள் மொழிப்படி அதுதான் சரி. இலையைக் காட்டுங்கள், தவளையைக் காட்டுங்கள்.

பாடத்தில் வாய் திறக்காத பிள்ளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசும். சாப்பாடு வகுப்பறையிலேயே, வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஆசிரியர் அறைக்குப் போய்விடாமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வழி கேளுங்கள். சாப்பிட்டதும் துடைப்பமும் துணியுமாக வகுப்பறையைச் சுத்தம் செய்வதும் அவர்கள்தான். நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு குனிந்தால், பக்கெட் என்ன, ஜன்னல் என்ன என்று ஜப்பானியம் கற்றுக்கொடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒன்று மட்டும், ஒன்றாம் வகுப்புப் பையன்களுக்கு முதுகைக் காட்டிக் குனியாதீர்கள், ஏன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், பள்ளிக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ஷூ தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் விருந்தாளிகளுக்கான ஸ்லிப்பர் தருவார்கள், அதைப் போட்டுக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளைகள் பின்னால் படியேறிப் பாருங்கள், ஒன்று உங்கள் காலில் இருக்கும், இன்னொன்று கீழ்ப்படியில் கிடக்கும்.