ஒரு ரிப்பீட்டர், இரண்டு டோன்

வரும் ரேடியோ சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் எங்கள் ரிப்பீட்டருக்குக் காது இரண்டு. ஒன்று முகட்டில் இருந்து தலவாக்கலைப் பக்கத்தைக் கேட்கிறது. மற்றது மலைக்குப் பின்னால், ஹட்டன் பக்கச் சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. இரண்டு ரிசீவர்களும் ஒரே அலைவரிசையில்தான் உள்ளன. ஒருவர் பேசுவது இரண்டிலும் விழுந்தால் எதை எடுப்பது? அதைத் தீர்மானிப்பது குரலுக்கு அடியில் ஓடும் மெல்லிய டோன். 88.5 ஹெர்ட்ஸ் வந்தால் முகட்டு ரிசீவர் திறக்கும், 123.0 வந்தால் சரிவு ரிசீவர்.

இந்த இரண்டு எண்களுக்கு வந்து சேர்வதற்குள் பட்டபாடு கொஞ்சமல்ல. முதலில் நாங்கள் வைத்தது 100.0. நினைவில் வைக்க எளிது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு நாள் இரவு நண்பர் ஒருவர் கேட்டார்: “நான் டோனே போடவில்லையே அண்ணன், எப்படித் திறக்கிறது?” அவருடைய செட்டைப் பார்த்தேன், உண்மையிலேயே டோன் இல்லை. பவர் சப்ளையைக் கழற்றி, பேட்டரியில் பேசச் சொன்னேன். ரிப்பீட்டர் திறக்கவில்லை. திரும்ப சப்ளையில் மாட்டினோம், திறந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக்க முழு அலையாகத் திருத்தினால் மிஞ்சும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். சப்ளையின் கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்ததால் அந்த இரைச்சலே டோனாக வேலை செய்திருக்கிறது! அதனால் 100.0 வேண்டாம். 50இன் மும்மடங்கான 150ஐ ஒட்டி நிற்கும் 151.4 உம் வேண்டாம். 200க்கு மேலே போனால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். 67.0 போன்ற தாழ்ந்த டோனை டிகோடர் (ரிசீவரில் டோனைக் கண்டறியும் பகுதி) அடையாளம் காண நேரம் எடுக்கும். தேர்ந்தெடுக்கும் இரண்டு டோன்களும் அடுத்தடுத்த எண்களாக இருக்கக் கூடாது; 88.5உம் 91.5உம் மலிவான டிகோடரைக் குழப்பிவிடும்.

உங்கள் செட்டில் ஒரே அலைவரிசையை இரண்டு சேனல்களில் சேமியுங்கள், டோன் மட்டும் வேறாக. பாவ்ஃபெங் யூவி-5ஆர் கைச்செட் வைத்திருப்பவர்கள் 13ஆவது மெனுவுக்குப் போக வேண்டும். அனுப்பும் டோன் அங்கேதான் இருக்கிறது. 11ஆவது மெனு கேட்கும் டோன், அதை அணைத்தே வையுங்கள். எங்கள் ரிப்பீட்டர் வரும் டோனை வடிகட்டிவிட்டு வெளியே ஒரே டோனைத்தான் அனுப்புகிறது. கேட்கும் டோனை 123.0 என்று போட்டுவைத்துவிட்டு, யாருமே பேசவில்லை என்று என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு.

பொத்தானை அழுத்தியதும் பேசிவிடாதீர்கள். டிகோடர் திறக்கக் கால் விநாடி போல ஆகும். அவசரப்பட்டால் ‘ஹட்டன்’ என்பது ‘டன்’ என்றுதான் மறுபக்கம் கேட்கும்.

சொந்தமாக டோன் பலகை பூட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 5 கிலோஹெர்ட்ஸ் விலகலுள்ள (பேசும்போது அலைவரிசை நகரும் அளவு) செட்டில் டோனுக்கு 500 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை விலகல் போதும். அதற்கு மேல் ஏற்றினால் குரல் மங்கும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொத்தானைத் தொடவே வேண்டாம் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

சோதிக்க, இரண்டு ரிசீவர்களுக்கும் எட்டும் ஓர் இடத்தில் நில்லுங்கள். முதலில் 88.5இல் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, பிறகு 123.0க்கு மாறி அதையே சொல்லுங்கள். இரண்டாவது முறை குரலோடு தோட்டத்து ஜெனரேட்டரின் கரகரப்பும் வந்தால் சரிவு ரிசீவர் திறந்துவிட்டது. அந்தக் கரகரப்பை நீக்குவது அடுத்த மாத வேலை.