ஸ்பானிஷில் ‘கிளம்பினேன்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்ரிட்டின் லவாப்பியெஸ் பகுதியில், புதிதாக வந்திறங்கும் நம் ஆட்கள் சிலருக்கு ஞாயிறுதோறும் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு தம்பியிடம், நேற்று வேலையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று ஸ்பானிஷில் கேட்டேன். “ஸலீயா அ லாஸ் த்ரேஸ்” என்றான். எனக்குப் பகீரென்றது. அச்சுப் பிசகாமல் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் நான் சம்பளத்தை இழந்தேன்.

‘ஸலீர்’ என்றால் கிளம்புவது, வெளியே போவது. அதன் வாய்பாடு எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஸலீ வேறு, ஸலீயா வேறு

2017-ல் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் மாலை ஐந்து மணி வரை. ஒருநாள் பல்வலி தாங்காமல், சமையல்காரரிடம் சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கிளம்பினேன். மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். “சீக்கிரம் கிளம்பினாயாமே, எத்தனை மணிக்கு?” என்றார். “ஸலீயா அ லாஸ் த்ரேஸ்” என்றேன். எந்த நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

‘மூன்று மணிக்குக் கிளம்பினேன்’ என்பதுதான் என் மனதில் இருந்தது. ‘மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவேன்’ என்று அவர் காதில் விழுந்தது. அதாவது வழக்கமாகவே. ஒருநாள் போனதை மாதம் முழுக்கப் போனதாக நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது. வேலைக்கு வந்த, கிளம்பிய நேரத்தை அன்றாடம் பதிவுசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் ஸ்பெயினில் 2019 மே மாதம்தான் வந்தது. அன்றைக்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. என் சம்பளத்தில் அவர் பிடித்த பணம் திரும்பி வரவே இல்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

புதியவர்கள் ‘ஸலீயா’வைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ‘நான்’ என்றாலும் ‘அவர்’ என்றாலும் ஒரே வடிவம், நாக்குக்கும் எளிது. ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இந்த வித்தியாசம் புதிதே இல்லை. ‘அப்போதெல்லாம் ஆறு மணிக்குக் கிளம்புவேன்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்கிறோம் அல்லவா? அந்த ‘கிளம்புவேன்’தான் ஸலீயா. ‘கிளம்பிக்கொண்டிருந்தேன்’ என்பதும் ஸலீயாதான். ஒருமுறை நடந்து முடிந்த ‘கிளம்பினேன்’ மட்டும் ஸலீ. வாயைத் திறக்கும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எது பொருந்தும் என்று காதே சொல்லிவிடும்.

அத்தோச்சா ரயில் நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடியதாக வைத்துக்கொள்வோம். நான் வந்ததும் ரயில் கிளம்பியது என்றால் ‘ஸலியோ’. நான் வந்தபோது கிளம்பிக்கொண்டிருந்தது என்றால் ‘ஸலீயா’. நான் வருவதற்குள்ளேயே போய்விட்டிருந்தது என்றால் ‘அபீயா ஸலீதோ’. பயணச்சீட்டு கவுன்டரில் நடந்ததை விளக்கும்போது இந்த மூன்றையும் குழப்பினால், நீங்கள் சொல்வது வேறு கதையாகிவிடும்.

ஸல்கோவிலிருந்து இறந்தகாலம் கட்டாதீர்கள்

‘கிளம்புகிறேன்’ என்பதற்கு ‘ஸல்கோ’. அந்த ‘கோ’ இறந்தகாலத்தில் எங்கேயும் வராது.

‘தே’யை விழுங்காதீர்கள்

நாம் ‘வீட்டை விட்டு’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிப் பழகியதால், ஸ்பானிஷிலும் ‘ஸலீ லா காஸா’ என்று வந்துவிடுகிறது. ‘ஸலீ தே காஸா’ என்பதுதான் சரி, ‘தே’ என்றால் ‘இலிருந்து’. அப்புறம் இன்னொன்று. சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்பதற்கு ஸலீர் உதவாது. அதற்கு ‘தெஹார்’ என்று வேறு வினை இருக்கிறது.

ஸலீமோஸ்

‘கிளம்புகிறோம்’, ‘கிளம்பினோம்’ இரண்டுக்கும் இதேதான். நேற்றுக் கிளம்பியதைச் சொல்லும்போது குழப்பம் வராமலிருக்க ‘அயேர்’, அதாவது நேற்று, என்று சேர்த்துவிடுங்கள்.

கேட்டதையே திருப்பிச் சொல்வது

“எத்தனை மணிக்கு ஸலியோ?” என்று மரியாதையாகக் கேட்பார்கள். பதற்றத்தில் நாமும் ‘ஸலியோ’ என்றால் ‘அவர் கிளம்பினார்’ என்று ஆகிவிடும். பதில் ‘ஸலீ’, அழுத்தம் ‘லீ’யில்.

இன்று கிளம்பியதற்கு

மாட்ரிட்டில் இன்று காலை கிளம்பியதை ‘ஏ ஸலீதோ’ என்றுதான் சொல்வார்கள், நேற்று என்றால் ‘ஸலீ’. லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டுக்குமே ‘ஸலீ’தான். என் வகுப்புக்கு வரும் பலருக்கு உடன் வேலை செய்பவர்கள் ஈக்வடார்காரர்களும் பெரு நாட்டவர்களும்தான். அவர்களிடம் கேட்டுப் பழகியதைத் தவறென்று நான் திருத்துவதில்லை.