குரல்வளை ஆபரேஷனுக்கு முன் நோயாளியிடம் பேசுவது எப்படி

மும்பை பரேலில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழர்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள்.

விஷயத்தை மகனிடம் மட்டும் சொல்லாதீர்கள், நோயாளியிடமே நேராகச் சொல்லுங்கள். குரல்வளையை முழுவதும் எடுத்தால் மூச்சு இனி கழுத்துத் துளை வழியாகத்தான். பழைய குரல் திரும்பாது, வாசனை அறிவதும் குறையும். சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். அழட்டும்.

அப்புறம் பேசும் வழிகள்: உள்ளே பொருத்தும் வால்வு, கழுத்தில் வைக்கும் மின்கருவி, உணவுக்குழாய்ப் பேச்சு (காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி, ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது). ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர் ஒருவரை வரவழைத்துப் பேசவைத்தால், நாம் விளக்குவதைவிட அது நன்றாகப் புரியும்.

தேவையைக் காட்டிச் சொல்லும் அட்டைகளுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். கண் விழிக்கும்போது குரல் இருக்காது; நர்ஸுக்கு மராத்தியும் இந்தியும், இவருக்கோ எழுத வருவது தமிழ் மட்டும். ‘வலிக்குது’, ‘சளி எடுங்க’, ‘மூச்சு முட்டுது’ என்று மேலே தமிழ், கீழே இந்தி, பக்கத்தில் படம். எழுத்து தெரியாதவருக்குப் படமே போதும். முந்தைய நாளே நர்ஸோடு பழக்கிவிடுங்கள்.

விரும்பினால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடும் குரலைப் போனில் பதிவு செய்யட்டும், வற்புறுத்த வேண்டாம்.

வீட்டாருக்கு ஒன்று: அவசரத்தில் ஆக்சிஜனைக் கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும். இதை எழுதி நோயாளியின் பர்ஸில் வையுங்கள்.