ஹப் மோட்டார் வண்டியில் மலை ஏறுவது எப்படி?

சமதளத்தில் எவ்விதக் குறையுமின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டர், ஏற்காட்டுச் சாலையில் நான்கைந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்ததும் திணறத் தொடங்குவதைப் பலரும் கண்டிருக்கலாம். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்த, அதாவது ஹப் மோட்டார் வண்டிகளில் இது மிகுதி. பெட்ரோல் வண்டியில் ஏற்றம் வந்தால் கியரைக் குறைக்கலாம்; கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரிலும் பெல்ட் அந்த வேலையைத் தானே செய்துவிடும். மோட்டாரே சக்கரமாகச் சுழலும் வண்டியில் அந்த வசதி கிடையாது. எனவே ஏறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுவதும், ஏறும்போது மோட்டாருக்குள் நடப்பதை அறிந்து ஓட்டுவதும் அவசியமாகின்றன.

முதலில் சாய்வை அளக்க வேண்டும். நூறு மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் உயர்ந்தால் அது 8 சதவீதச் சாய்வு. இதற்குக் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டமே போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைச் சாலையின் போக்கிலேயே கிடத்தி, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சட்டத்தின் தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் சாலைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம் சாய்வு. வளைவின் உள்விளிம்பில் ஒருமுறையும் வெளிவிளிம்பில் ஒருமுறையும் அளந்து பார்த்தால், ஒரே வளைவில் எத்தனை வேறுபாடு இருக்கிறது என்பது தெரியும். உள்விளிம்பில் தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரமோ அதேதான். ஆகவே அங்கே சாய்வு கூடுகிறது.

அடுத்தது விசை. வண்டி, ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், பை எல்லாவற்றையும் சேர்த்த எடையைக் கிலோவில் எடுத்து, சாய்வுச் சதவீதத்தால் பெருக்கி, பத்தால் வகுத்தால், மலை பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய நியூட்டனில் கிடைத்துவிடும். 110 கிலோ வண்டியில் 65 கிலோ உள்ள இருவர் ஏறினால் மொத்தம் 240 கிலோ. 8 சதவீதச் சாய்வில் 192 நியூட்டன். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு 55 நியூட்டன் சேர்த்தால் ஏறத்தாழ 250. இதைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்க வேண்டும். 12 அங்குல ரிம் கொண்ட வண்டியில் டயரையும் சேர்த்து ஆரம் சுமார் 0.23 மீட்டர் என்பதால், சக்கரத்தைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை 58 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். 10 அங்குல ரிம்மில் இது 52 அளவுக்குக் குறையும். ஒரே மோட்டார் சிறிய சக்கரத்தில் நன்றாக ஏறுவதன் காரணம் இதுவே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 250 நியூட்டனைத் தாண்டி ஏற, சக்கரத்தில் 1,700 வாட்டுக்கு மேல் வேண்டும். பதிவும் உரிமமும் தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டது என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். அந்த வகை வண்டியை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விவரத்தாளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஹப் மோட்டாருக்குக் கொடுத்திருக்கும் முறுக்குவிசை சக்கரத்தில் அப்படியே கிடைப்பது. நடுவில் மோட்டார் வைத்துப் பெல்ட்டோ பற்சக்கரமோ வழியாக ஓடும் வண்டிக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் மோட்டார் அச்சில் அளந்தது, சக்கரத்துக்கு வருவதற்குள் அது பல மடங்காகிவிடும். ஆகவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. மற்றொன்று, சிறிது நேரம் மட்டும் தரக்கூடிய உச்சத் திறனும் விடாமல் தரக்கூடிய தொடர் திறனும் வெவ்வேறானவை. 2020இல் வந்த டிவிஎஸ் ஐக்யூப் ஹப் மோட்டார் வண்டிதான். அதன் உச்சத் திறன் 4.4 கிலோவாட், தொடர் திறன் 3 கிலோவாட். முக்கால் மணி நேரம் விடாமல் ஏறும் மலைப்பாதைக்கு இரண்டாவது எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி இந்தக் கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறேன். மெதுவாக ஏறினால் மோட்டாருக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். ஹப் மோட்டாருக்கு அது பொருந்தாது. நீங்கள் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறினாலும் 15இல் ஏறினாலும் மலை கேட்கும் முறுக்குவிசை ஏறக்குறைய ஒன்றுதான். முறுக்குவிசை ஒன்றென்றால் மோட்டாரின் செம்புச் சுருளில் பாயும் மின்னோட்டமும் ஒன்று. ஒவ்வொரு நொடியும் சுருளில் பிறக்கும் வெப்பமும் ஒன்று. பாதி வேகத்தில் ஏறும்போது பயண நேரம் இரட்டிப்பாவதால் மோட்டார் வாங்கும் மொத்த வெப்பமும் இரட்டிப்பாகிறது. மேலே படும் காற்றோ குறைகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுவதால், நூறு பாகை சூடேறிய சுருள் அதே மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடுதலாக வெப்பத்தை உமிழ்கிறது. சூடு சூட்டை வளர்க்கும் நிலை இது.

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது என்பதால் எடையின் பங்கும் பெரிது. மேற்சொன்ன வண்டியில் ஒருவர் மட்டும் சென்றால் மொத்த எடை 175 கிலோ, இருவருக்கு 240. எடை கூடியது ஒன்றரை மடங்குக்கும் குறைவுதான், ஆனால் சுருளின் வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. உடன் வருபவரைப் பேருந்தில் அனுப்பிவிட்டு மேலே சந்திப்பது எந்த விலையுயர்ந்த மாற்றத்தையும்விடப் பயன் தரும்.

சரிவில் மோட்டாரின் விசையிலேயே நின்றால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். என் பழைய வண்டியில் இருவராக ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் இறங்கி வந்த பேருந்துக்கு வழிவிட வேண்டியிருந்தது. பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை முறுக்கியபடியே வண்டி பின்வாங்காமல் அரை நிமிடம் நிறுத்தி வைத்தேன். சுருள் கம்பியின் மேற்பூச்சான வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பிறகு வண்டி நகரவில்லை. சுருள் கட்டும் பட்டறையில் மூடியைக் கழற்றியபோது, மூன்று ஃபேஸ்களில், அதாவது மூன்று சுருள் தொகுதிகளில், இரண்டின் சுருள்கள் கரிபோலக் கருத்திருக்க, மூன்றாவது மட்டும் புதுச் செம்பின் நிறத்தில் மின்னியது. சக்கரம் சுழலும்போது மூன்று ஃபேஸ்களும் மாறி மாறிச் சுமையை ஏற்கின்றன. நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் பாய்ந்துகொண்டிருந்த இரண்டே முழு மின்னோட்டத்தையும் தாங்குகின்றன. ஆகவே சரிவில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலரேட்டரை முற்றிலும் விட்டுவிட்டு, பிரேக்கில் மட்டுமே நில்லுங்கள்.

ஏறும் முறை இவ்வளவுதான்: பாதுகாப்பு அனுமதிக்கும் நடுத்தர வேகத்தைப் பிடித்து, அதைச் சீராக வைத்திருங்கள். வளைவுக்கு முன் ஒலி எழுப்பி, எதிரே வண்டி இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, வேகம் அறவே விழாமல் திரும்புங்கள். நாம் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால் இடப்புறம் திரும்பும் வளைவுகளில் செங்குத்தான உள்விளிம்பு நம் பங்குக்கு வருகிறது. அங்கே நுழையும் முன்பே வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. முழுதாக முறுக்கியும் வேகம் பத்துக்குக் கீழே விழுந்தால், அடம்பிடிக்காமல் ஓரம் கட்டிவிடுங்கள். ஓய்வின்போது ஹப்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சுருள்கள் உள்ளே அச்சோடு இருக்கின்றன. அவற்றுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருப்பதால் சூடு தாமதமாகவே வெளியே வரும். நின்று சில நிமிடங்கள் கழித்துத்தான் கூடு கொதிக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது தவறு. பேரிங் வழியாக உள்ளே புகும் நீர், மோட்டாரின் சுழல்நிலையை உணரும் ஹால் சென்சாரையும் சுருளையும் கெடுக்கும். நிழலில் இருபது நிமிடம் விட்டுவைப்பதே மருந்து.

பேட்டரிக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட் மணி ஆகும். 240 கிலோவை ஆயிரம் மீட்டர் ஏற்ற 650. மோட்டார் இழப்பையும் இருபது கிலோமீட்டர் உராய்வையும் சேர்த்தால் 1,100 வாட் மணியைத் தாண்டிவிடும். பாதிச் சார்ஜில் புறப்பட்டால் மின்னழுத்தம் சரிந்து வேகமும் சரியும். வேகம் சரிந்தால் மேலே சொன்ன வெப்பக் கதை தொடங்கும். எனவே அடிவாரத்தில் பேட்டரி நிறைந்திருக்கட்டும். மலை உச்சியிலோ முழுதாகச் சார்ஜ் செய்யாதீர்கள். நிறைந்த பேட்டரியில் இடமில்லாததால், இறங்கும்போது மோட்டார் பிரேக்காக வேலை செய்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி இயங்காது, சுமை முழுவதும் சக்கர பிரேக்குகளில் விழும்.

கடைசியாக அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னே திருப்பும் அதே விசையோடு அச்சைப் பின்னே திருப்ப முயல்கிறது. அதைத் தாங்குவது அச்சின் இருபுறத் தட்டைப் பகுதியும் நட்டும்தான். நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று, அதன் துளை வழியே வரும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். புறப்படும் முன் நட்டின் மீதும் அதையொட்டிய சட்டத்தின் மீதும் சேர்த்து ஒரே கோடாக வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு குறி போடுங்கள். மேலே சென்றதும் ஒருமுறை, கீழே இறங்கியதும் ஒருமுறை குனிந்து பார்த்து, கோடு விலகியிருந்தால் ஸ்பேனரை எடுத்து முடுக்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.