கல்லை நிரப்பி க்ரௌட் ஏற்றும் வேலை: லாரி வந்ததும் செய்யும் தவறுகள்

போன வாரம் பினாங்கில் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு சைட்டில், புதுப் பையன் கல் லாரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். குவியலில் கைவிட்டேன். பட்டாணி அளவுக் கல்லும் தூளுமாக வந்தது.

"எல்லா சைசும் கலந்து இருந்தால்தானே அண்ணே உறுதி?" என்றான். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

சாதாரண கான்கிரீட் புத்தியோடு கல் வாங்குவது

கலந்து ஊற்றும் கான்கிரீட்டுக்கு அவன் சொன்னது சரி. பெரிய கல்லின் இடுக்கைச் சின்னது அடைக்கும், சிமெண்ட் மிச்சமாகும். ஆனால் கல்லை முதலில் நிரப்பிவிட்டுக் கீழிருந்து க்ரௌட்டை, அதாவது சிமெண்ட், மணல், தண்ணீர் கலந்த குழம்பை, ஏற்றும்போது அந்த இடுக்குதான் அது போகும் வழி. அங்கே 5 மில்லிமீட்டர் கல் உட்கார்ந்துவிட்டால் மணல் சிக்கி நிற்கும், தண்ணீர்தான் மேலே ஏறும்.

நான் பட்டது ஒரு பம்ப் மேடையில். 20 மில்லிமீட்டர் கல் தட்டுப்பாடு என்றார்கள். 5 முதல் 20 வரை கலந்ததையே இறக்கச் சொன்னேன். பிரஷர் முள் ஏறிக்கொண்டே போனது. "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றேன். பலகை பிதுங்கி என் பூட்ஸ் நிறைய க்ரௌட். எப்படியோ மேலே க்ரௌட் தலைகாட்டியது, நிரம்பிவிட்டது என்று வீட்டுக்குப் போனோம். பிறகு துளைபோட்டுப் பார்த்தால் நடுவில் வெறும் கல், விரலாலேயே பெயர்ந்தது. க்ரௌட், குழாயின் ஓரமாகவே ஏறி வந்திருக்கிறது! மூன்று நாள் உடைத்தோம். நினைத்தால் இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் 12 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல்லை வாங்குவதில்லை. 20 லிட்டர் வாளியில் நனைத்து வடித்த கல்லை நிரப்பி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளப்பேன். 8 லிட்டர் பிடித்தால் 40 சதவீத இடைவெளி, நல்லது. 10 லிட்டரை நெருங்கினால் க்ரௌட் செலவும், அது இறுகும்போது எழும் சூடும் கூடும். பையனின் கல்லில் 6 லிட்டரிலேயே வழிந்தது. லாரிக்காரர் திட்டிக்கொண்டே திரும்பினார்.

கான்கிரீட் மணலையே க்ரௌட்டுக்கும் போடுவது

1.18 மில்லிமீட்டர் சல்லடையில் ஏறக்குறைய முழுதும் இறங்கும் மணல் வேண்டும். கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பரு மணல் போட்டால் அடைக்கும்.

கழுவாமல் நிரப்புவது

பினாங்கு மழை கழுவிவிடும் என்று நம்பாதீர்கள். தூள் குவியலின் அடிக்குத்தான் போகும்.

உயரத்திலிருந்து கொட்டுவது

கல் உடையும். சின்னது ஒரு மூலையில் சேரும்.