தேரூர் குளத்தை வைத்து உணவு வலை வரைவது எப்படி

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று ஒரே கோட்டில் வரும் உணவுச் சங்கிலிப் படத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம், ஆனால் ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பது அதில் பிடிபடாது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் படமே தேவையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே தேரூர் குளக்கரைக்குப் போய்விடுங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் இது. மழைக்காலம் முடியும் சமயம் போனால் வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

பெயர் தெரிந்த உயிர்களை எல்லாம் வரிசையாக எழுதாதீர்கள். எது எதைத் தின்கிறது என்று பார்த்ததை மட்டும் முதலில் குறியுங்கள்: நத்தைகுத்தி நாரை நத்தையை, நீர்க்காகம் மீனை, கொக்கு தவக்களையை, நீலத் தாழைக்கோழி நீர்ச்செடித் தண்டை. கண்ணுக்குத் தப்புபவற்றைப் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை மோந்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். துள்ளித் துள்ளி நகரும் புள்ளிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் பாசியைத் தின்னும் சின்ன மிதவை உயிரிகள், அவற்றையும் சேருங்கள்.

அப்புறம் அம்புக்குறி. இதைத்தான் நிறைய பேர் தலைகீழாகப் போடுகிறார்கள், ஏனென்றால் பிடிக்கிறவன் பக்கமிருந்தே யோசிக்கிறோம். தின்னப்பட்டதிலிருந்து தின்றதை நோக்கி அம்பு போக வேண்டும்: பாசி → சிலேபி → நீர்க்காகம். ஆற்றல் போகிற திசை அது.

இனி ஒவ்வொரு உயிரும் உணவு வரிசையில் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று படி எண் போடுங்கள். பாசிக்கும் தாமரைக்கும் 1, அவற்றைத் தின்பவைக்கு 2, அப்படியே மேலே. இரண்டு மூன்று விதமாகத் தின்பவற்றுக்கு இரையின் படி எண்களின் சராசரியோடு 1 கூட்டுங்கள். பாசி தின்னும் சிலேபி (படி 2) பாதி, பாசி தின்னும் மீனைத் தின்னும் சின்ன விரால் (படி 3) பாதி என்று ஒரு நீர்க்காகம் சாப்பிட்டால் அது 3.5-ல் நிற்கும். பின்னம் வந்தால் பயப்பட வேண்டாம், உண்மையான குளத்தில் மேல்படிகளில் முழு எண்தான் அபூர்வம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். செடிகள் பிடித்து வைப்பதே விழுகிற வெயிலில் சுமார் ஒரு சதவீதம்தான். அப்படிப் பிடித்ததை 10,000 பங்கு என்று வைத்துக்கொண்டால், படிக்குப் பத்து சதவீதம்தான் மேலே ஏறும்: அடுத்த படிக்கு 1,000, அதற்கடுத்து 100, பிறகு 10. இந்த வழியில் முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ரேமண்ட் லிண்டெமன், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942-ல் வெளிவந்தது. பத்து சதவீதம் என்பது தோராயம், இடத்துக்கு இடம் கூடும் குறையும். மிச்சம் எங்கே போகிறது? கொஞ்சம் தின்னப்படாமலே சாகிறது, கொஞ்சம் எச்சமாகிறது, பெரும்பகுதி மூச்சு விடவும் நடமாடவும் செலவாகி வெப்பமாகப் போகிறது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் பறவைக்கு மீனை விடச் செலவு அதிகம். படிக்குப் படி இப்படிக் குறைவதால்தான் ஒரு குளத்தில் கெண்டை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பருந்து ஒன்றிரண்டுதான்.

படத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது சேறு. தாமரை இலையைப் பச்சையாகத் தின்ன ஆள் குறைவு. அது அழுகித்தான் ஆற்றல் கைமாறுகிறது. படத்தின் அடியில் பெரிதாக ஒரு கட்டம் போட்டு எல்லா உயிரிலிருந்தும் அதற்கு அம்பு இழுங்கள், அங்கிருந்து பாக்டீரியா, பூஞ்சை, புழு, நத்தை, இறால் என்று மறுபடி மேலே ஏற்றுங்கள். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்குப் போய் அலையாத்தி மரங்களின் அடியைப் பார்த்தால், இந்த வழி எவ்வளவு அகலமானது என்று நண்டுகளே காட்டிவிடும். சேற்றிலிருந்து செடிக்குத் திரும்பும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) வேறு நிறப் பென்சில் எடுங்கள். சத்து சுற்றி வரும், ஆற்றல் சுற்றாது. வெப்பமாகிப் போனதற்குத் திரும்பி வரும் அம்பு கிடையாது.

கடலோர ஊர்க்காரர்கள் இதையே வள்ளத்து மீனை வைத்துச் செய்யலாம். சாளை நுண்பாசியையும் மிதவை உயிரிகளையும் தின்று கீழ்ப்படியில் இருக்கிறது, சூரை அதற்கு மேலே. சாளை அள்ளி அள்ளி வரும் அளவுக்குச் சூரை வராததன் காரணத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக ரப்பரை எடுத்து ஏதாவது ஒரு பெயரை அழித்துவிட்டு, அதிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு அம்பும் இனி எங்கே போகும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நத்தையை அழித்தால் நத்தைகுத்தி நாரைக்குத் திண்டாட்டம், சிலேபியை அழித்தால் நீர்க்காகம் வேறு மீனுக்கு மாறிக்கொள்ளும்.