நல்ல ஃபஸ் பெடலைக் கெடுப்பது எது? கிட்டார் பெடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்புட்டையும் அவுட்புட்டையும் மாற்றிச் சொருகுவது ஒரே நாளில் தானாகச் சரியாகிவிடும். மாதக்கணக்கில் ஒலியைக் கெடுப்பவை வேறு. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலில்தான் இவை அதிகம்.

டியூனருக்குப் பின்னால் ஃபஸ்

பெடல்போர்டு அடுக்கும்போது எல்லோரும் டியூனரை முதலில் வைக்கிறார்கள். மற்ற பெடல்களுக்கு அது சரிதான். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ்ஸுக்கு ஆகவே ஆகாது.

1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலைத் திறந்தால் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு திருகு குமிழ்கள். அவ்வளவுதான். அதன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) மிகக் குறைவு. அதனால் கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்அப் சுருளே அந்த சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிடுகிறது. கிட்டார் வால்யூமை 10இலிருந்து 7க்கு இறக்கினால் கரகரப்பு விலகி, மணி அடித்தாற்போல ஒலி தெளிவது இதனால்தான்.

பல டியூனர்களில் பஃபர் என்ற, சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சிறு சர்க்யூட் இருக்கும். நடுவில் அது வந்தால் இந்த உறவு அறுந்துபோகும். தகரத்தைச் சுரண்டுவது போன்ற சத்தம் வரும். வால்யூமைக் குறைத்தாலும் பழைய தெளிவு கிடைக்காது. அப்படிப்பட்ட டியூனர் அணைந்திருந்தாலும் பஃபர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வயர்லெஸ் ரிசீவரும் இப்படித்தான்.

இது தெரியாமல் அருமையான ஃபஸ்ஸை ‘மட்டம்’ என்று பாதி விலைக்கு விற்றுவிட்டு, இன்னொன்றை வாங்கி அதே இடத்தில் சொருகுகிறார்கள். அதுவும் அப்படியே கத்துகிறது. எத்தனை முறை பார்த்தாலும் மனம் ஆறுவதில்லை. விற்பதற்கு முன் கிட்டார், ஃபஸ், ஆம்ப் மூன்றை மட்டும் இணையுங்கள். ஒரு கார்டை அடித்துவிட்டு வால்யூமை மெல்ல இறக்குங்கள். தெளிந்தால் பெடலில் பழுதில்லை, வரிசையில்தான் பழுது. ஃபஸ் முதலில், டியூனர் அடுத்து.

ஒரே அடாப்டரில் எல்லாம்

பழைய பாணியில் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் கொண்ட ஜெர்மேனியம் ஃபஸ்ஸில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு டெய்சி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் தரும் வயர்) கோத்தால் கிட்டார் கேபிளின் ஷீல்டு வழியே அடாப்டர் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி போடுங்கள்.

தனியறையில் வைத்த செட்டிங்

டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் (மென்மையான கரகரப்பு தரும் பெடல்), சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே கெயின் தரும். வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்ததுபோல இருக்கும். உடனே ஆம்பில் பேஸைக் கூட்டிவிடுகிறார்கள். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். அந்த மிட் (நடுத்தர அதிர்வெண்) ஒலிதான் கூட்டத்தில் கிட்டாரைக் கேட்க வைக்கிறது.

9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட்

கூடாது.

பேட்டரி

வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்குங்கள். பெரும்பாலான பெடல்களில் பேட்டரிக்கு சுவிட்ச் அந்த ஜாக்தான்.